கன்ட்ரி பேண்டோடு ஊர் ஊராக: ஓட்டுகிறவர் தூக்கத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

அமெரிக்காவில், கிராமிய வேர் கொண்ட கன்ட்ரி இசையை வாசிக்கும் குழுவுக்கு வாரம் பிறப்பது புதன் அல்லது வியாழன் ராத்திரியில்தான். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில், ஏதாவது ஒரு பல்பொருள் கடையின் கார் நிறுத்துமிடத்தில் நள்ளிரவு வாக்கில் எல்லோரும் பையோடு கூடுவார்கள். வண்டி கிளம்பும். புதன் கிளம்பினால் வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று ஊரில் மூன்று நிகழ்ச்சி. ஞாயிறு காலை அதே இடத்தில் இறக்கிவிடுவார்கள். திங்கள் முதல் புதன் வரை பாட்டு எழுதுவது, ஸ்டூடியோ வேலை, துணி துவைப்பது. இந்த வாராந்தரச் சுழற்சிக்கு ஊரின் அமைப்பும் ஒரு காரணம். ஐ-40, ஐ-65, ஐ-24 என்ற மூன்று நெடுஞ்சாலைகள் நாஷ்வில்லில் சந்திக்கின்றன. அட்லாண்டா நாலு மணி நேரம், சிகாகோ ஏழரை மணி நேரம், டல்லாஸ் பத்து மணி நேரம். ஒரே ராத்திரியில் தொட்டுவிடக் கூடிய தூரம், அல்லது தொட்டுவிடலாம் என்று ஆசை காட்டுகிற தூரம்.

குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் பாட்டு லிஸ்ட்டைக் கேட்பார்கள். நாலைந்து வருஷம் சாலையில் அடிபட்டவர்கள் கேட்கிற முதல் கேள்வி வேறு: சனிக்கிழமை ராத்திரி யார் ஓட்டுகிறார், அவர் எப்போது தூங்கினார்? கன்ட்ரி இசையின் வரலாற்றில் மேடையைவிடப் பயணமே அதிகம் பேரைக் கொண்டுபோயிருக்கிறது. பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் 1953 ஜனவரி 1 அன்று ஒஹாயோவின் கேன்டன் நகர நிகழ்ச்சிக்குப் போகிற வழியில் காரின் பின்சீட்டிலேயே இறந்துகிடந்தார். பாடகி ரீபா மெகன்டயரின் குழுவினர் ஏழு பேரும் அவரது டூர் மேனேஜரும் 1991 மார்ச்சில் சான் டியாகோ அருகே விமான விபத்தில் போனார்கள். இதையெல்லாம் சொல்வது பயமுறுத்துவதற்கு அல்ல. பயணத் திட்டம் போடும்போது காகிதத்தின் முதல் வரியில் ஓட்டுகிறவரின் தூக்கத்தை எழுதிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்குக் கீழே எழுத வேண்டும் என்பதற்காகத்தான்.

நேரக் கணக்கு

ஃபோன் வரைபடம் ஆறு மணி நேரம் என்று காட்டினால், டிரெய்லர் இழுக்கும் வேனுக்கு அது ஏழரை. டிரெய்லர் டயர்கள் பலவற்றுக்கு மணிக்கு 65 மைல்தான் வரம்பு. ஆறு பேர் இறங்கி, கழிப்பறை போய், காபி வாங்கி ஏறுவதற்கு எந்த நிறுத்தமும் இருபது நிமிடத்துக்குக் குறையாது. காட்டும் நேரத்தோடு கால் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நாஷ்வில் மத்திய நேர மண்டலத்தில் இருக்கிறது. அதே டென்னசியின் நாக்ஸ்வில் கிழக்கு நேர மண்டலம். லூயிவில், அட்லாண்டா இரண்டும் அப்படியே. கிழக்கே போகும்போது ஒரு மணி நேரம் காணாமல் போகும். மதியம் மூன்று மணிக்குச் சாமான் இறக்க வேண்டும் என்று அரங்கம் சொன்னால் அது அவர்கள் ஊர் மூன்று மணி. அன்றைய நிரலை எழுதிக் குழுவுக்குக் கொடுக்கும் அன்றாடத் தாளில் எல்லா நேரமும் நிகழ்ச்சி நடக்கும் ஊரின் நேரத்தில் மட்டுமே இருக்கட்டும். தலைப்பிலேயே அதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். ஒரு தாளில் இரண்டு மண்டல நேரம் கலந்தால் யாரோ ஒருவர் ஓட்டலில் படுத்துக்கொண்டிருப்பார்.

நிகழ்ச்சி முடிந்து அதே ராத்திரி ஓட்ட வேண்டும் என்றால், ஓட்டுகிறவர் யார் என்பது காலையிலேயே முடிவாக வேண்டும். அவர் அன்று ஒரு பீர் கூடத் தொடக் கூடாது. மேடையிலிருந்து இறங்கியதும் சாமான் ஏற்றும் வேலையில் அவருக்கு விலக்கு, போய்ப் படுக்கட்டும். நள்ளிரவு முதல் காலை ஆறு வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று மாற்றுங்கள். முன்சீட்டில் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் அது வேலைதான், அவர் தூங்கக் கூடாது. தூக்கம் வந்தால் பின்சீட்டுக்குப் போகட்டும், வேறொருவர் முன்னால் வரட்டும். அக்டோபர், நவம்பரில் அந்தி நேரத்திலும் விடிகாலையிலும் மான்கள் சாலைக்கு வரும். டிரெய்லரோடு போகும்போது மானைத் தவிர்க்கத் திடீரென்று வளைத்தால் வண்டியே கவிழும். நேராகப் பிடித்தபடி பிரேக் போடுவதுதான் பிழைக்கும் வழி.

நிகழ்ச்சி பேசும் ஏஜென்டிடம் ஒரு வரம்பை முதலிலேயே சொல்லி வைக்கலாம்: அடுத்தடுத்த நாள் நிகழ்ச்சிகளுக்கு நடுவே 350 மைலுக்கு மேல் வேண்டாம். ஏஜென்ட் முணுமுணுப்பார். ஒரு நல்ல தேதி கைநழுவிப் போகவும் செய்யும். போகட்டும்.

வேனும் டிரெய்லரும்

ஆறு பேர் குழுவுக்கு வழக்கமான ஏற்பாடு, பதினைந்து இருக்கை வேன் ஒன்று, பின்னால் ஆறு அடி அகலம் பன்னிரண்டு அடி நீளமுள்ள மூடிய டிரெய்லர் ஒன்று. பதினைந்து இருக்கை என்பதற்காகப் பதினைந்து பேரை ஏற்றாதீர்கள். பத்துப் பேருக்கு மேல் போனால் இவ்வகை வேன்கள் கவிழும் ஆபத்து வெகுவாகக் கூடுகிறது என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே எச்சரித்திருக்கிறது. கடைசி வரிசை இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே பைகளை வையுங்கள். கூரை மேல் எதையும் கட்ட வேண்டாம்.

டிரெய்லர் வாங்கும்போது ஓர் அச்சா, இரண்டு அச்சா என்று கேட்டால் கொஞ்சம் கூடக் கொடுத்து இரண்டு அச்சு வாங்குவதே புத்திசாலித்தனம். ஒரு டயர் வெடித்தாலும் மற்றது தாங்கும். வேனும் டிரெய்லரும் சேர்ந்த அனுமதி எடை 10,001 பவுண்டைத் தொட்டு, தொழில் நிமித்தம் மாநில எல்லை தாண்டினால், மத்தியப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண் வாங்க வேண்டும். பல குழுக்கள் இதை எடை நிலையத்தில் நிறுத்தப்பட்ட பிறகுதான் தெரிந்துகொள்கின்றன.

சாமான் அடுக்குவதில்தான் பாதி உயிர் இருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வேனின் கொக்கி மேல் இறங்க வேண்டும். சாமானோடு 4,000 பவுண்டு என்றால் கொக்கியில் 400 முதல் 600 பவுண்டு. அதற்குக் கனமான சாமானில் அறுபது சதவீதம் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால், இறக்கத்திலோ பெரிய லாரி கடக்கும்போதோ டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஆட ஆரம்பித்துவிட்டால் வேனின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லருக்கு மின்பிரேக் இருந்தால் அதன் கைப்பிடியை மட்டும் மெல்ல அழுத்துங்கள். வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் வரும். மேடைக்கு முதலில் போக வேண்டியது டிரம்ஸ்: தரைவிரிப்பு, பிறகு ஸ்டாண்டுகள் இருக்கும் பெட்டி. ஸ்டாண்டு பெட்டிதான் டிரெய்லரிலேயே கனமான சாமான்களில் ஒன்று. எடைக் கணக்குப்படி அது முன்னால் போக வேண்டும். இறக்கும் வரிசைப்படி பின்கதவு ஓரம் இருக்க வேண்டும். அதனால்தான் முன்பக்கம் பக்கவாட்டுக் கதவு உள்ள டிரெய்லரை வாங்கச் சொல்வது. ஸ்டாண்டு பெட்டியைப் பக்கவாட்டுக் கதவை ஒட்டி அச்சுக்கு முன்னால் வையுங்கள். அங்கிருந்தே முதலில் இறங்கும். அதற்கு எதிர்ப்பக்கம் பேஸ் ஸ்பீக்கர். நடுவில் ஆம்ப்கள் எனும் ஒலிபெருக்கிகள், 29 கிலோ கொண்ட ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் போன்றவை, தரையோடு தரையாக. டிரம் பெட்டிகள் லேசானவை, அவை மேல் அடுக்கு. கேபிள் பெட்டியும் மைக் பெட்டியும் பின்கதவு ஓரம். டி-ஷர்ட் பெட்டிகள் பார்ப்பதற்குச் சாது, தூக்கினால் கல். அவற்றையும் பின்னால் தள்ளாதீர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, சரியாக அடுக்கியதும் ஒரு படம் எடுத்து, அச்சடித்துக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். ராத்திரி ஒன்றரை மணிக்கு மழையில் நின்று யோசிக்க வேண்டியிருக்காது. ஏற்றும் நேரம் குறைந்தால் அது அப்படியே தூக்கத்தில் சேரும்.

டயர் விஷயத்தில் சோம்பல் கூடாது. டிரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்ந்து போவதற்கு முன் வயதாகிப் போகும். ஐந்தாறு வருஷம் ஆனால் பட்டன் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். காற்றைக் காலையில், ஓடாத குளிர்ந்த டயரில் பாருங்கள், டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு. டிரெய்லர் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் குறைந்த காற்றும் சூடும்தான் காரணம். பெட்ரோல் போட நிற்கும் ஒவ்வொரு முறையும் நாலு சக்கர மையத்தையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் அந்த பேரிங் போகப் போகிறது, அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வருஷம் ஒரு முறை பேரிங்குக்குப் புது கிரீஸ். வேனின் ஸ்டெப்னி டிரெய்லருக்குப் பொருந்தாது, ஜாக்கியும் பல நேரம் பொருந்தாது, நட்டு அளவும் வேறாக இருக்கும். டிரெய்லருக்கென்று தனி ஸ்டெப்னி, அதன் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், சாய்வாக வெட்டிய ஒரு மரக்கட்டை மூன்றும் வேனுக்குள்ளேயே இருக்கட்டும். இரட்டை அச்சில் நல்ல டயரைக் கட்டை மேல் ஏற்றினால் பஞ்சரான டயர் தானாகத் தூக்கிக்கொள்ளும்; ஜாக்கியே வேண்டாம். மாற்றிய பிறகு 50 மைலில் நிறுத்தி நட்டை மறுபடி முடுக்க மறக்காதீர்கள். சக்கரம் கழன்று ஓடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது முடுக்கலை விட்டவர்களுக்குத்தான்.

ஓட்டலில் டிரெய்லரின் பின்கதவைச் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள். கொக்கிக்கும் கதவுக்கும் வட்டப் பூட்டு. வாத்தியக் குழுக்களின் டிரெய்லர் திருட்டு அமெரிக்காவில் அன்றாடச் செய்தி. பெரும்பாலும் ஓட்டல் வாசலில் விடிகாலையில் நடப்பது. கிதார், ஃபிடில் எனும் வயலின், பெடல் ஸ்டீல் எனும் மேசை போன்ற கிதார் மூன்றும் அறைக்கு வந்துவிட வேண்டும். வண்டிக் காப்பீடு வாத்தியத்துக்குப் பொதுவாகப் பணம் தராது. வாத்தியங்களுக்குத் தனிக் காப்பீடு எடுத்து, வரிசை எண்ணைப் படம் பிடித்து வைத்திருங்கள்.

பஸ் கிடைத்த பிறகு

வருமானம் கூடினால் படுக்கை வசதியுள்ள பஸ். பெரும்பாலும் கனடாவின் ப்ரெவோ நிறுவனம் கட்டிய 45 அடி வண்டி. நடுவில் மூன்றடுக்காகப் பன்னிரண்டு படுக்கைகள், முன்னும் பின்னும் உட்காரும் கூடம். வாடகை, ஓட்டுநர் சம்பளம், டீசல் எல்லாம் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஆயிரம் டாலரைத் தாண்டும். ஓட்டல் அறைச் செலவு மிச்சமாகிறது என்று மட்டும் பார்த்தால் கட்டுப்படியாகாது. ஆறு பேரும் ராத்திரி தூங்குகிறார்கள், ஓட்டுநர் பகலில் தூங்குகிறார் என்பதற்குத்தான் இந்தப் பணம்.

கால் முன்பக்கம் இருக்கும்படி படுங்கள். திடீர் பிரேக்கில் மோதுவது பாதமாக இருக்கட்டும், கழுத்தாக வேண்டாம். நடு அடுக்குக்குத்தான் போட்டி. மேல் அடுக்கு ஆடும், கீழ் அடுக்கில் சாலைச் சத்தம். கழிப்பறையில் சிறுநீர் மட்டும். இந்தச் சட்டத்தில் விட்டுக்கொடுப்பே கிடையாது, ஏனென்றால் நாற்றம் பன்னிரண்டு பேருக்கும் பொது. ராத்திரி எங்காவது வண்டி நின்று நீங்கள் இறங்கினால் ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். சொல்லாமல் கடைக்குள் போய், திரும்பி வந்து காலியான இடத்தைப் பார்த்தவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம்.

பயணிகள் பஸ் ஓட்டுநருக்குச் சட்டப்படி எட்டு மணி நேர ஓய்வுக்குப் பிறகு அதிகபட்சம் பத்து மணி நேரம்தான் ஓட்ட அனுமதி. 450 மைலைத் தாண்டினால் கூடுதல் சம்பளம் என்பது தொழில் வழக்கம். அதைவிட நீளமென்றால் இரண்டாவது ஓட்டுநர். ஓட்டுநருக்கு இருட்டான, சத்தமில்லாத ஓட்டல் அறை காலையிலேயே தயாராக இருக்க வேண்டும். சாதாரண ஓட்டல்கள் மதியம் மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள். முந்தைய ராத்திரிக்கே பதிவு செய்து பணம் கட்டிவிடுவதே வழி. இதில் மிச்சம் பிடிப்பது படுமுட்டாள்தனம்.

மேடை

கன்ட்ரி குழுவை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பெடல் ஸ்டீல். சாலையில் அதிகம் அடம்பிடிப்பதும் அதுவே. பத்துக் கம்பிகள், காலடியில் குறைந்தது மூன்று பெடல்கள், முழங்காலால் தள்ளும் நாலைந்து நெம்புகோல்கள், அவற்றைக் கம்பியோடு இணைக்கும் மெல்லிய உலோகத் தண்டுகள். பெட்டிக்குள் தலைகீழாகவே வைத்து நாலு காலையும் முடுக்கி, பெடல் சட்டத்தை மாட்டி, பிறகுதான் நிமிர்த்த வேண்டும். பெடலையும் உடலையும் இணைக்கும் தண்டுகளின் நீளம் கொஞ்சம் கொஞ்சம் மாறும். ஒவ்வொன்றிலும் வண்ண டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். இருட்டில் இரண்டு தண்டு இடம் மாறினால் பெடல் பாதி வழியில் நிற்கும், அல்லது தொய்ந்து தொங்கும்.

கன்ட்ரிக்கு வழக்கமான இ9 என்ற சுருதி அமைப்பில் மூன்றாவது கம்பிதான் அடிக்கடி அறுவது. 0.011 அங்குல வெறுங்கம்பி, ஜி ஷார்ப்பில் ஏற்கெனவே விறைப்பாக நிற்பது. பெடல் ஒவ்வொரு முறையும் அதை ஏ வரை இழுக்கும். கம்பி வளைந்து இறங்கும் உலோக விரலின் முனையில்தான் அறுபடும். அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் புதுக்கம்பியும் அரை மணியில் போகும். பள்ளத்தை நயமான உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். மூன்றாவது கம்பி மட்டும் ஒரு டஜன் வாங்கி ஸ்டீல் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். குளிர்ந்த டிரெய்லரிலிருந்து சூடான மேடைக்கு வந்தால் அரை மணி நேரம் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள். வெயில் நேராக அடிக்கும் திடலில் வாசிக்காத நேரமெல்லாம் மேலே ஒரு வெள்ளைத் துண்டு. உலோகம் சூடேறினால் பத்துக் கம்பியும் ஒரே அளவில் இறங்குவதில்லை, அதுதான் வேதனை. மேடையில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதரை கேளுங்கள். ஸ்டீல் வாசிப்பவரால் நகர முடியாது என்பதால் அவருக்கு இடம் ஒதுக்கிய பிறகே மற்றவர்களுக்கு.

மரவாத்தியத்துக்கு எதிரி வறட்சி. குளிர்காலத்தில் பஸ் ஹீட்டர் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கிதார் கழுத்தின் ஓரத்தில் ஃப்ரெட் எனும் குறுக்கு உலோகக் கம்பிகளின் முனைகள் கையைக் கீற ஆரம்பித்தால் மரம் சுருங்கிவிட்டது, அடுத்தது விரிசல். பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் நிற்கட்டும். அதற்கான பொட்டலங்கள் கடையில் கிடைக்கின்றன. டெக்சாஸ் கோடையில் கதவடைத்த வேனில் கிதாரை விட்டால் பசை இளகி, கம்பிகளைத் தாங்கும் பாலமே கழன்று வரும்.

பாட்டுக் குறிப்புக்கு நாஷ்வில் எண் முறையைப் பழகிக்கொள்ளாமல் இந்தத் தொழிலுக்கு வரவே வேண்டாம். ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் 1950களின் கடைசியில் உருவாக்கியது, சார்லி மெக்காய் போன்ற ஸ்டூடியோ வாத்தியக்காரர்கள் பரப்பியது. ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டின் (கார்டு) பெயருக்குப் பதில் எண்: 1, 4, 5. எண்ணுக்குப் பக்கத்தில் சிறு கோடு போட்டால் மைனர். எண்ணைச் சுற்றி வைரக்கட்டம் போட்டால், ஒரு முறை அடித்துவிட்டு ஒலியை நீள விடு என்று அர்த்தம். பேஸ் வாசிப்பவருக்குக் காய்ச்சல் வந்து டல்சாவிலோ டல்லாஸிலோ உள்ளூர்க்காரர் ஒருவரைப் பிடித்தால், இருபது தாளை நீட்டினால் போதும், அன்று ராத்திரியே வாசித்துவிடுவார். பாடகரின் தொண்டை கட்டி அரை ஸ்வரம் இறக்கினாலும் தாளில் ஒரு எண்ணும் மாறாது.

அரங்கத்துக்கு இரண்டு வாரம் முன்பே யார் எங்கே நிற்பார் என்ற மேடைப் படமும், ஒலிக் கருவியில் எந்த வாத்தியத்துக்கு எத்தனை இணைப்பு என்ற சேனல் பட்டியலும் அனுப்பிவிடுங்கள். டிரம்ஸுக்கு ஏழு, பேஸ், எலக்ட்ரிக் கிதார், ஸ்டீல், அகூஸ்டிக் கிதார், ஃபிடில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என ஐந்து, கீபோர்டு இரண்டு, குரல் நாலு, ஆக 18. திருவிழா மேடையில் குழு மாறுவதற்கு இருபது முப்பது நிமிடம்தான் தருவார்கள், முழு சவுண்ட் செக் கிடைக்காது. காதுக்குள் கேட்கும் கருவிக்குச் சொந்த மிக்ஸர் வைத்திருந்தால் நேற்று ஒலித்தது இன்றும் அப்படியே ஒலிக்கும். பழைய வயர்லெஸ் கருவி வாங்குகிறவர்கள் அலைவரிசையைப் பார்த்து வாங்குங்கள். 614 முதல் 698 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி செல்ஃபோன் நிறுவனங்களுக்குப் போய்விட்டது. 2020 ஜூலை 13 முதல் அதன் பெரும்பகுதியில் வயர்லெஸ் மைக்குக்குத் தடை. மலிவாக விற்கிறார்களே என்று பார்த்தால் காரணம் அதுதான். 470-608க்குள் வாங்கி, ஊருக்கு ஊர் காலி அலைவரிசையைத் தேடி வைக்க வேண்டும்.

கண்காட்சித் திடல்களில் ஜெனரேட்டர் மின்சாரம். மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்றால் எங்கோ எர்த் இல்லை. இரைச்சலைக் குறைக்கப் பிளக்கின் மூன்றாவது முள்ளை ஒடிப்பவரை மேடையிலிருந்தே விரட்டுங்கள். பத்து டாலர் சாக்கெட் சோதனைக் கருவி ஒன்று போதும். ஆம்பைச் செருகுவதற்கு முன் ஒவ்வொரு சாக்கெட்டிலும் குத்திப் பாருங்கள்.

காற்றும் மின்னலும் வேறு விஷயம். 2011 ஆகஸ்ட் 13 அன்று இண்டியானா மாநிலக் கண்காட்சியில் ஷுகர்லேண்ட் என்ற கன்ட்ரி குழு மேடையேற இருந்த நேரம், புயல் காற்றில் மேடைக் கூரை சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, எந்தக் காற்று வேகத்தில் என்பதை மதியமே கேட்டு எழுதி வாங்குங்கள். பதில் இழுபறியாக இருந்தால் உங்கள் வரம்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் மேடையில் ஆளே இருக்கக் கூடாது.

டெக்சாஸ் ஆட்டக் கூடங்கள் தனி ரகம். 1878ல் கட்டிய க்ரீன் ஹாலில் (Gruene Hall) இன்றும் ஏசி கிடையாது. ஆஸ்டினின் ப்ரோக்கன் ஸ்போக், ஃபோர்ட் வொர்த்தின் பில்லி பாப்ஸ் எல்லாம் ஆடுவதற்காகவே ஜனங்கள் வருகிற இடங்கள். டூ-ஸ்டெப், வால்ட்ஸ், ஷஃபிள் என்று ஆட்டத் தாளங்களை மாறி மாறிக் கொடுங்கள். பாட்டுக்கு நடுவே கதை சொன்னால் ஆட்டத் தளம் காலியாகும். ஒரே பாட்டில் வேகம் கூடினால் கால்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

பணம்

மேலிருந்து பார்த்தால் நல்ல தொகையாகத் தெரியும். ஒரு மாதிரிக் கணக்கு: ஒப்பந்தத் தொகை 2,500 டாலர். ஏஜென்டுக்கு 10 சதவீதம் 250, மேனேஜருக்கு 15 சதவீதம் 375, மீதி 1,875. நாலு வாத்தியக்காரர்களுக்குத் தலா 250, டூர் மேனேஜராகவும் சவுண்ட் ஆளாகவும் வரும் ஒருவருக்கு 250, மீதி 625. மூன்று ஓட்டல் அறை 390, பெட்ரோல் 180, மீதி 55. ஆறு பேருக்குத் தலா 25 டாலர் பேட்டா 150. ஆக, மேடை ஏறியதில் 95 டாலர் நஷ்டம். இதை மீட்பது வாசலில் இருக்கும் டி-ஷர்ட் மேசை.

கன்ட்ரி கூட்டத்துக்குப் பெரிய அளவுகள்தான் போகும். பன்னிரண்டுக்கு ஸ்மால் ஒன்று, மீடியம் இரண்டு, லார்ஜ் மூன்று, எக்ஸ்எல் மூன்று, டபுள் எக்ஸ்எல் இரண்டு, ட்ரிபிள் ஒன்று என்று அடியுங்கள். ஸ்மால் மட்டும் மிஞ்சுகிற பெட்டி எல்லாக் குழுவிடமும் ஒன்று இருக்கும். பீர் கேனுக்கு மாட்டும் உறை மலிவாக அடிக்கலாம், ஐந்து டாலருக்குப் பறக்கும். கடை விரிக்கும் முன் ஓர் எண்ணிக்கை, மூடியதும் ஓர் எண்ணிக்கை. அரங்கம் விற்பனையில் பங்கு கேட்கும், சில இடத்தில் 20, 25 சதவீதம் வரை. அது ஒப்பந்தத்தில் இருக்கிறதா, வரி கழித்த பிறகா என்று முன்கூட்டியே பாருங்கள். நிகழ்ச்சி முடிந்து பதினைந்து நிமிடத்தில் பாடகர் மேசைக்கு வந்தால் விற்பனை எங்கேயோ போகும். ஆனால் பாடகர்கள் தொண்டையைக் கெடுத்துக்கொள்வது அந்த மேசையில்தான். பின்னணியில் இசை அலற, கத்திக் கத்திப் பேசுவதால். மேசையைச் சத்தம் குறைந்த நடைவழியில் போடச் சொல்லுங்கள்.

பாதித் தொகை முன்பணமாக ஏஜென்ட் கைக்கு வந்த பிறகே வண்டி கிளம்பட்டும். மீதியை ராத்திரி கணக்கு முடிக்கும்போது குடிக்காத ஒருவர் போய் வாங்க வேண்டும். டிக்கெட் எண்ணிக்கைத் தாளைக் கேளுங்கள், கழித்த செலவுக்கெல்லாம் ரசீது கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொந்தப் பாட்டு பாடினால் பாட்டு எழுதியவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் பிஎம்ஐ அல்லது ஆஸ்கேப் அமைப்பின் இணையத்தளத்தில் அன்றைய பாட்டுப் பட்டியலைப் பதிவு செய்யுங்கள். சின்ன அரங்கத்துக்கும் எழுதியவருக்கு ராயல்டி வரும். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போட்டால் போச்சு.

கனடா நிகழ்ச்சி இருந்தால் பல மாதம் முன்பே குழுவில் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்: குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு ஏதாவது உண்டா? பழைய வழக்காக இருந்தாலும் எல்லையில் திருப்பி அனுப்பிவிடலாம். எல்லார் முன்னாலும் கேட்டால் உண்மை வராது.

சாப்பாட்டுக்கு அரங்கத்திடம் சிப்ஸும் பீரும் கேட்பதற்குப் பதில் ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், வாழைப்பழம், 24 பாட்டில் தண்ணீர் என்று எழுதுங்கள். மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் போட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு பெட்ரோல் நிலையத்து ஹாட்டாக்கிலிருந்து தப்பிக்கலாம். சமையல் இல்லாத அரங்கமானால் ஆளுக்கு 20 டாலர் சாப்பாட்டுப் பணம் கேட்பது வழக்கம்.

ஞாயிறு காலை நாஷ்வில்லில் இறங்கியதும் எல்லோரும் ஓடத்தான் பார்ப்பார்கள். அரை மணி நேரம் பிடித்து வையுங்கள். மழையில் நனைந்த கேபிள்களைப் பிரித்துக் காயப்போட வேண்டும், பூட்டிய டிரெய்லரில் நாலு நாள் கிடந்தால் பச்சை பிடிக்கும். வயர்லெஸ் பேட்டரிகள் சார்ஜில், டி-ஷர்ட் எண்ணிக்கை தாளில், ரசீதுகள் ஒரே உறையில். டிரெய்லர் டயர்களைச் சுற்றி ஒரு நடை. ஏதாவது ஒன்றில் வீக்கமோ வெடிப்போ தெரிந்தால் திங்கட்கிழமையே மாற்றிவிடுங்கள். புதன் சாயங்காலம் டயர் கடையில் அந்த அளவு இருப்பில் இருக்காது.